சீனத்து இலையும் அரியலூர்த் தண்ணீரும்

ருசியின் தடம் – 17

சென்ற வாரம் செட்டிகுளம் சின்ன வெங்காயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று வெங்காயத்தின் பக்கமே போகவில்லை. எழுதியவர் பெரம்பலூர் துறைமங்கலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது சின்னத் தகர டப்பாவில் சீனத்து பிளாக் டீ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனாலும் தேன் வாசனையோடு இனிப்பாகத் தொண்டையில் இறங்கியதாம். டப்பா காலியானதும் தேடல் தொடங்கியிருக்கிறது. ‘பெரம்பலூர், அரியலூர், திருச்சி வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டேன் ஐயா. சீன டீ என்றாலே எல்லாரும் கிரீன் டீ பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார்கள். நல்ல ருசியான சீன பிளாக் டீயை எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?’ என்று கேட்டிருக்கிறார்.

இந்த வாரம் முழுக்க அவருக்கான பதில்தான். சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் நேராகச் சீனாவுக்குப் போகாமல் குன்னூர் வழியாகப் போங்கள். காசும் மிச்சம், நாக்கும் பழகும். கூடவே, இலைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது தண்ணீருக்குக் கொடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது அத்தனை முக்கியமில்லை. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு முக்கியம்.

டீக்கடை பழக்கிய நாக்கு

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். அந்த ஓட்டுநர்களை நம்பி சாலையோரக் கடைகளில் பாய்லர் அதிகாலையிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். ‘மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க, சக்கரை தூக்கலா’ என்று குரல் வரும். மாஸ்டர் துணி வடிகட்டியில் கிடக்கும் தூளின் மேல் கொதிநீரை ஊற்றுவார். இறங்கிய டிகாஷனையே எடுத்து மறுபடியும் அதே தூளின் மேல் விடுவார். கிளாஸில் சர்க்கரை, அதன் மேல் பால், கடைசியில் கறுஞ்சிவப்பாக டிகாஷன். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்து ஆற்றி, நுரை ததும்ப நீட்டுவார்.

இந்த டீக்கு நிறமும் கடுப்பும் சட்டென்று இறங்க வேண்டும்; பாலுக்கும் சர்க்கரைக்கும் அடங்கிப் போய்விடக் கூடாது. அதற்கென்றே ஆனது சி.டி.சி. தூள். வாடவைத்த இலையை, பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு மணிமணியாக வெளியே வந்து விழும். அஸ்ஸாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய இயந்திரம் இது. 1930-களில் புழக்கத்துக்கு வந்தது. இலையின் உயிரணுக்கள் முழுசாக உடைந்துவிடுவதால் சாறு முழுக்க நொடியில் வெளியே வரும். சலித்துப் பிரிக்கும்போது கிடைக்கும் மிக நுண்ணிய தரத்துக்குத்தான் ‘டஸ்ட்’ என்று பெயர். கூட்டிப் பெருக்கிய குப்பை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது ஏலத்தில் விற்கும் முறையான தரம். நம் கடைக்காரர்கள் விலை கொடுத்துத் தேடி வாங்குவதே அதைத்தான்.

நம் சமவெளி ஊர்கள் டீக்குப் பழகியது அத்தனை பழைய கதையும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தேயிலைத் தொழில்துறை ஊர் ஊராக ஆள் அனுப்பி, டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் குடிக்கக் கொடுத்துத்தான் இந்தச் சந்தையை உண்டாக்கியது. காப்பி நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக் கூடத்திலும், டீ உழைப்பாளியின் தெருமுனையிலும் போய் நின்றதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதியிருக்கிறார். உழைப்பாளிக்கு டீ பாதி ஆகாரம். பால், சர்க்கரை, கடுப்பு எல்லாம் அதில் இருந்தாக வேண்டும்.

பேர்பெற்ற சீன பிளாக் டீ இதற்கு நேர் எதிர். இலையை உடைக்காமல் வாடவைத்து, முறுக்கி, காற்றுபடச் சிவக்கவிட்டு, உலர்த்துவார்கள். நம் ஊரில் இந்த முறையை ஆர்த்தடாக்ஸ் என்பார்கள். இதில் கடுப்பு குறைவு, மணம் அதிகம். இதைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டால் வெளுத்துப்போன சாயத்தண்ணீர்தான் மிஞ்சும். நல்ல சீன டீ வாங்கிப் பார்த்து ‘சப்பென்று இருக்கிறது’ என்று ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர் டீத்தூளுக்குச் செய்வதை இலைக்குச் செய்தவர்கள்.

பீங்கான் வந்தது, இலை வரவில்லை

அரியலூர் மாவட்டத்துக்குச் சீனச் சரக்கு புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது, சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்களோடு சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்து சோங் அரசவைக்குப் போனதைச் சீன வரலாற்றுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கடைசிக் குழு போனபோது அரியணையில் இருந்தவன் முதலாம் குலோத்துங்கன். தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். அந்தக் குழுவில் 72 பேர். கொண்டுபோன காணிக்கைக்குப் பதிலாக 81,800 சரம் செப்புக்காசுகளோடு திரும்பினார்கள்.

அன்றைய சோங் அரசவையில் டீ இருந்தது. ஆனால் அது பொடித்த பச்சைத் தேயிலையைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் விட்டு, நுரை வர அடித்துக் குடித்த டீ. பிளாக் டீ அப்போது பிறக்கவே இல்லை. அது பிறந்தது சுமார் பதினேழாம் நூற்றாண்டில், ஃபூச்சியன் மாகாணத்து வூயி மலையில். இதே ஃபூச்சியனின் கடற்கரையில்தான் சுவான்சோ துறைமுகம் இருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டி, 1281-ஆம் ஆண்டில் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். பிளாக் டீ பிறக்கப்போகும் மாகாணத்துக்கு, அது பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே தமிழன் போய் வந்துவிட்டான்.

பிறகு வூயி மலை இலை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. 1773-ல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் ஆங்கிலேய வரியை எதிர்த்துக் கடலில் கொட்டிய பெட்டிகளில் பெரும்பகுதி இந்த மலை வட்டாரத்துக் கறுப்பு இலைதான். நமக்கு மட்டும் அது நேர்வழியில் வந்து சேரவில்லை. இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் தைவான் கூட்டோடு காலணித் தொழிற்சாலை ஓடுகிறது. ஆனாலும் பெரம்பலூர் கடைத்தெருவில் முழு இலை பிளாக் டீ கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கத்தான் பார்க்கிறார்.

நான்கு பெயர்கள் போதும்

சீனத்தில் பிளாக் டீ வகைகள் நிறைய. வாங்கப் போகிறவர் நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது யுன்னான். சீன மொழியில் தியென் ஹோங் என்பார்கள். தென்மேற்குச் சீனத்து யுன்னான் மாகாணத்தில், ஃபெங்ச்சிங் என்ற இடத்தில் 1930-களின் கடைசியில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். ஜப்பானியப் படையெடுப்பால் கிழக்குச் சீனத்துத் தேயிலை வட்டாரங்கள் கையை விட்டுப் போயிருந்தன. ஏற்றுமதிக்கு வேறு இடம் தேடிப் போனவர்கள் இங்கே வந்து நின்றார்கள். இதன் செடி அஸ்ஸாம் செடிக்கு உறவு, பெரிய இலை. நல்ல சரக்கில் பொன்னிற மொட்டுகள் கறுப்பு இலையோடு கலந்து கிடக்கும். தேன், முளைகட்டிய தானியம், லேசான மிளகு என்று வாசனை போகும். வாய் நிறைய நிற்கும் டீ. வேண்டுமானால் ஒரு சொட்டுப் பாலையும் தாங்கும். துறைமங்கலத்து ஆசிரியர் சொல்லும் தேன் வாசனையை வைத்துப் பார்த்தால், மகன் கொண்டுவந்தது இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கீமுன். அன்ஹுய் மாகாணத்துச் சிமென் வட்டாரம். அதுவரை பச்சைத் தேயிலை செய்துகொண்டிருந்த ஊர். பிளாக் டீக்கு மாறியது 1875 வாக்கில். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. இலை மெல்லிசாக, கம்பி போல, கருகருவென்று இருக்கும். ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இதிலும் தூக்கலாக உண்டு. பூ வாசனைக்குக் காரணம் அதுதான். பால் சேர்த்தால் அத்தனையும் போச்சு.

மூன்றாவது லாப்சாங் சூசாங். வூயி மலையில் தொங்மு கிராமத்துச் சரக்கு. பிளாக் டீ குடும்பத்துக்கே மூத்தது. பைன் மர விறகின் புகையில் உலர்த்துவார்கள். மூடியைத் திறந்தால் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குள் தலையை விட்டது போல இருக்கும். பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்கள் டப்பாவையே வீட்டை விட்டு வெளியே வைத்துவிடுவார்கள். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு இது வேண்டாம். புகை காட்டாமல் செய்வதும் இப்போது வருகிறது, அது மென்மையானது.

நான்காவது சின் சுன் மெய். இதுவும் தொங்முதான், 2005-ல் உருவானது. இலையே கிடையாது, வெறும் மொட்டு. அரைக் கிலோ செய்ய ஐம்பதாயிரத்துக்கும் மேல் மொட்டு கிள்ள வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள், இதே பெயரில் மலிவு விலைக்கு வரும் பொட்டலத்தைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். சீனத்திலேயே அதிகம் போலி வரும் பெயர்களில் இது ஒன்று.

பொட்டலத்தில் எதைப் பார்ப்பது?

இந்தியாவுக்குள் வரும் தேயிலைக்கு அடிப்படைச் சுங்க வரியே நூறு சதவீதம். நம் தோட்டங்களையும் சிறு விவசாயிகளையும் காப்பதற்காகப் போட்ட வேலி அது. ஆகவே முறையாக இறக்குமதியான நல்ல சீன இலை இங்கே மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. யாராவது சல்லிசாகத் தருகிறேன் என்றால், ஒன்று இலை பழையது, அல்லது இலை சீனத்தது அல்ல.

இணையத்தில் வாங்கினாலும் சென்னையில் கடையில் வாங்கினாலும் சிலவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். பொட்டலத்தின் பின்பக்கம் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருக்க வேண்டும். ‘சைனா டீ’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். மாகாணமோ வட்டாரமோ சொல்லியிருக்க வேண்டும். மாம்பழம் வாங்கினால் சேலமா, ராஜபாளையமா என்று கேட்கிறோம் அல்லவா? பறித்த ஆண்டு போட்டிருந்தால் இன்னும் நல்லது. காற்றும் வெளிச்சமும் படாமல் வைத்த பிளாக் டீ இரண்டு ஆண்டுகள் வரை சோர்ந்து போகாது. அதற்கு மேல் வெறும் நிறம்தான். லிச்சி, ரோஜா என்று வாசனை சேர்த்தது வேண்டாம். பல நேரங்களில் சுமாரான இலையை மறைக்கவே அந்த வாசனை.

முதல் முறை ஐம்பது கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். ஐம்பது கிராமில் பதினைந்து கோப்பைக்கு மேல் வரும். ஒரு டீ நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அது தாராளம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர், மலேசியாவின் சீனக் கடைகளில் ‘பிளாக்’ என்று கேட்டால் சில இடங்களில் பூ-எர் போன்ற புளிக்கவைத்த கரும் டீயை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு இனம். ‘ஹோங் சா’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

வாங்கி வந்ததைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. வடிதாளில் கொஞ்சம் இலையைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்து இலையைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். திட்டுத் திட்டாக நிறம் ஒட்டியிருந்தால் சாயம் ஏற்றிய சரக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையமே மக்களுக்குச் சொல்லித்தரும் சோதனை இது. வீட்டில் வாங்கும் டீத்தூளுக்கும் ஒருமுறை செய்து பாருங்கள்.

நீலகிரியில் சீனச் செடி

இனி குன்னூர் வழி. சீனத் தேயிலைச் செடி தமிழ்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. 1834-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங் அமைத்த தேயிலைக் குழு, கார்டன் என்பவரைச் சீனத்துக்கு அனுப்பி விதை வாங்கிவரச் செய்தது. கல்கத்தாவில் முளைத்த நாற்றுகளில் கொஞ்சம் நீலகிரிக்கும் வந்தது. 1835-ல் கேத்தியில் இருந்த அரசுப் பண்ணையில் நட்டார்கள். பண்ணை சீக்கிரமே மூடப்பட்டு, புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் கைக்குப் போனது. அங்கே வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே, அளவுக்கு மீறி ஆழமாகப் புதைத்து நட்டதால் நசிந்து கிடந்த செடிகளைக் கண்டு, மண்ணை விலக்கிப் பிழைக்கவைத்தார். 1850-களில் குன்னூரில் மான் என்ற தோட்டக்காரர் சீனத்திலிருந்து நல்ல விதையைப் பெரும்பாடுபட்டு வரவழைத்தார்.

அதே காலத்தில் சீனர்களும் வந்தார்கள், கைதிகளாக. மலாய்ப் பகுதிகளிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்தில் அடைத்துவைத்து, சின்கோனா தோட்ட வேலைக்கு விட்டார்கள். நடுவட்டத்தில் அந்தச் சிறைக்கட்டடம் இன்றும் நிற்கிறது. 1859-ல் தொடங்கிய தாய்சோலைத் தோட்டத்தில் முதல் செடிகளை நட உதவியதும் சீனக் கைதிகளே என்பது அந்தத் தோட்டம் சொல்லிவரும் வரலாறு. தண்டனைக்காலம் முடிந்தும் ஊர் திரும்பாத சிலர் நடுவட்டம்–கூடலூர் சரிவில் தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மானிடவியல் ஆய்வுக்குப் போன எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

பிற்பாடு அஸ்ஸாம் செடிகள் வந்து கலந்தன. சி.டி.சி. வந்தது. இன்று நீலகிரித் தேயிலையில் பெரும்பகுதி தூள்தான். ரேஷன் கடையில் கிடைக்கும் ‘ஊட்டி டீ’ கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வ் தருவது. அதுவும் தூள்தான், வீட்டில் பால் டீக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சில தோட்டங்கள் முழு இலை ஆர்த்தடாக்ஸைக் கைவிடவில்லை. தாய்சோலை, கோரக்குந்தா, கிளென்டேல், ஹவுக்கல், பில்லிமலை என்று சில பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலையில் உறைபனி விழும்போது செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். அந்தத் துளிரில் மணம் திரண்டு நிற்கும். அதை ‘ஃப்ராஸ்ட் டீ’, ‘விண்டர் டீ’ என்று தனியாக விற்கிறார்கள். 2006-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் நீலகிரி இலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. நாம் எல்லாரும் வாங்கும் நீலகிரிக் குளிர்கால இலைக்கு அந்த விலையெல்லாம் இல்லை. இறக்குமதி வரி கிடையாது. பறித்த சில மாதங்களுக்குள் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும்.

இது கீமுனோ யுன்னானோ ஆகிவிடாது. மண் வேறு, மலை வேறு, செய்கிற கை வேறு. நீலகிரியின் மணம் பூவும் எலுமிச்சையும் கலந்தது. யுன்னானின் தேன் கனம் இதில் வராது. ஆனால் பால் இல்லாத டீயில் எதைத் தேடுவது என்று நாக்குக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல வாத்தியார் பக்கத்தில் இல்லை. இதைக் குடித்துப் பழகியவர் ஐந்து மடங்கு விலை கொடுத்துச் சீன இலை வாங்கினால், அந்த விலைக்கு எது கிடைக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பூமிக்கடியில் கடல்

இப்போது தண்ணீர். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில் பெரம்பலூர்–அரியலூர் வட்டாரத்துக்குள் கடல் புகுந்து நின்றது. காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட் சுருள்களும், சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரமும் அதற்குச் சாட்சி. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல். அந்தப் படிவத்தின் ஊடாக ஊறி வரும் போர் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருக்கும். இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். டீயும் அதில் எடுபடாது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இலை, ஒரே அளவு, ஒரே நேரம். ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர். மூன்று நிமிடம் கழித்து வடிகட்டி ஜன்னலோரம் வையுங்கள். கேன் தண்ணீர் டம்ளரில் டீ தெளிவாக, செம்பொன் நிறத்தில் அடி தெரிய நிற்கும். போர் தண்ணீர் டம்ளரில் கலங்கிய பழுப்பு. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் மெல்லிய ஆடை படரும். பால் இல்லாத டீயில் ஆடை எங்கிருந்து வந்தது? கரண்டியால் தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். டம்ளர் ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டும். தேயிலையின் பாலிஃபீனால்கள் காற்றுபட்டு, கால்சியத்தோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. மோந்து பார்த்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு டம்ளரில் பூ வாசனை, மற்றதில் வேகவைத்த தழை வாசனை. டீக்கடையில் இது தெரியாது. பாலும் சர்க்கரையும் தூளின் கடுப்பும் சேர்ந்து மூடிவிடும். மெல்லிய மணத்தை நம்பியிருக்கும் இலையில் மறைக்க எதுவும் இல்லை.

வழி எளிதுதான். கொள்ளிடத்துக் குடிநீர் வரும் வீடென்றால் அதைப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் கேன் தண்ணீர். இரண்டும் இல்லாத இடத்தில் போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கொதிக்கும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். மேலாகத் தெளிவை இறுத்து, அதை மறுபடி சுடவைத்து டீ போடுங்கள். கடினத்தன்மை முழுவதும் போகாவிட்டாலும் பெரும்பகுதி குறையும்.

போடும் முறை

ஒரு டம்ளருக்கு, அதாவது 150 மில்லிக்கு, மூன்று கிராம் இலை. முறுக்கிய இலை இடத்தை அடைக்கும் என்பதால் டீஸ்பூனில் இரண்டு ஆகும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து இலையின் மேல் ஊற்றி மூடுங்கள். அடுப்பின் மேல் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். இலையை எறிய வேண்டாம். இன்னும் ஒன்றிரண்டு முறை வெந்நீர் ஊற்றலாம். நல்ல சீன இலையாக இருந்தால் இரண்டாவது டம்ளர்கூட முதலாவதற்குச் சளைக்காது. முதலில் சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். தேவைப்பட்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

வடிகட்டிய இலையை ஒரு தட்டில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில், முழுசாக, ஓரத்துப் பல் தெரிய விரிந்திருந்தால் கொடுத்த காசுக்கு மோசமில்லை. நொறுங்கி, கரித்துண்டாக, விரியாமல் கிடந்தால் அந்தக் கடைக்கு அடுத்த முறை போக வேண்டாம். கடைக்காரர் சொல்வதைவிட, விளம்பரம் சொல்வதைவிட, குடித்து முடித்த இலை சொல்வதுதான் உண்மை.

ஆக, துறைமங்கலம் ஐயாவுக்கு என் யோசனை இது. நீலகிரிக் குளிர்கால இலையில் நூறு கிராம் வரவழையுங்கள். மேலே சொன்னபடி ஒரு மாதம் குடியுங்கள். பிறகு யுன்னானில் ஐம்பது கிராம் வாங்குங்கள். உங்கள் மகன் கொண்டுவந்த டப்பாவின் ருசி அதில் கிடைக்கும் என்று நம்புகிறேன். கீமுன் அதற்கு அடுத்து. சின் சுன் மெய்யை மகன் அடுத்த பொங்கலுக்கு வரும்போது அவர் செலவிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். எதை வாங்கினாலும் சரி, போர் தண்ணீரில் மட்டும் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

(தொடரும்)